துணியில் ஒட்டிய சிவப்புத் தூசி

இதைப் படிக்கப் போகிறவர்கள் எல்லாரும் கம்ப்யூட்டர் படித்தவர்கள். எழுதுகிற நான் செந்துறைப் பக்கம் ஒரு ஊராட்சிப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை போனவன். என் எழுத்து ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்று இன்றும் நின்று யோசித்துத்தான் போடுவேன். தட்டச்சு செய்கிறவர் சரிபார்த்துவிடுவார் என்று கலைச்செல்வி மேடம் சொன்ன தைரியத்தில்தான் பேனாவை எடுத்தேன். அவருக்கும் தப்பிய பிழைகளை நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மேடம் இப்போது திருச்சியில், புதிதாக வேலைக்கு வரும் இன்ஜினியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார். "ராசு அண்ணே, அந்த எடைமேடை சர்வர் கதைய நான் சொன்னா பசங்க சிரிக்கிறாங்க. நான் கட்டி வுடறேன்னு நெனைக்கிறாங்க. நீங்களே எழுதிக் குடுத்துடுங்க" என்று மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிறவன் நான். எழுதுவது அதைவிடக் கூச்சம். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

அரியலூரை ஒட்டிய ஒரு சிமெண்ட் ஆலையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன். முதலில் மூட்டை கட்டும் இடத்தில் சிந்துகிற சிமெண்டைக் கூட்டி அள்ளுகிற வேலை. கம்ப்யூட்டர் ரூமைப் பெருக்கிக்கொண்டிருந்தவர் ஒருநாள் விளக்குமாற்றோடு ஒரு ஒயரையும் சேர்த்து இழுத்துவிட்டார். அரை நாள் ஆபீஸ் நின்றது. "இவன் பேசவும் மாட்டான், எதையும் தட்டவும் மாட்டான்" என்று சொல்லி சூப்பர்வைசர் அவர் இடத்துக்கு என்னை அனுப்பினார். அதுதான் எனக்குக் கிடைத்த பயிற்சியும் பதவி உயர்வும்.

எங்கள் பக்கம் தூசி சாம்பல் நிறம். சாலையோரத்து வேம்பு, லாரி, சட்டைக் காலர், தண்ணீர்க் குடம் எல்லாவற்றின்மேலும் அதே சாம்பல்தான். கம்ப்யூட்டர் ரூம் கதவை எவ்வளவு இறுக்கமாகச் சாத்தினாலும் உள்ளே வரும். காலை எட்டரைக்கு நான் உள்ளே போவேன். ஈரமில்லாத வெள்ளைத் துணியால் மேலிருந்து கீழே, ஒரே திசையில் துடைப்பேன். துணி எவ்வளவு சாம்பலாகிறது என்பதைப் பார்த்தே ஏ.சி. வடிகட்டியை எப்போது கழுவ வேண்டும் என்று தெரிந்துகொள்வேன். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சத்தம் உண்டு. அதுவும் எனக்குத் தெரியும். ஒருமுறை யு.பி.எஸ். வழக்கத்தைவிட மெதுவாக முனகுகிறது என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். திறந்து பார்த்தால் ஒரு பேட்டரி வயிறு உப்பிக் கிடந்தது. அதன் பிறகு எலக்ட்ரீஷியன்கள் என்னைப் பார்த்தால், "டாக்டரே, எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்பார்கள்.

கலைச்செல்வி மேடம் சிஸ்டம் ஆபீசராக வந்தது அப்போதுதான். பெரம்பலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். வீட்டில் பக்கவாதம் வந்த அம்மா, இரண்டாம் வகுப்பு படிக்கிற மகள். அந்த ஊரை விட்டு அவரால் எங்கும் போக முடியாது. செக்ஷனில் அவரும் நானும்தான்.

அவர் வந்த முதல் வாரம் ஒரு மானிட்டர் கறுத்துப்போனது. ஓடிப்போய், "மேடம், சர்வர் செத்துப்போச்சு" என்றேன்.

அவர் எழுந்திருக்கவே இல்லை. சாப்பாட்டு டப்பாவை மெதுவாக மூடினார். "செத்துப்போச்சுன்னு டாக்டர் சொல்லணும்ணே. நீங்க என்ன பாத்தீங்க?"

"திரை கறுப்பா இருக்குங்க."

"எப்பப் பாத்தீங்க?"

"இப்பத்தாங்க. பன்னண்டே காலு இருக்கும்."

"அதுக்கு முன்னாடி நீங்க என்ன செஞ்சீங்க?"

"மேசையத் துடைச்சேன்."

மேசைக்குக் கீழே மானிட்டரின் ஒயர் நழுவிக் கிடந்தது. சர்வர் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த மூன்று கேள்விகள்தான் மேடத்தின் முறை. என்ன பார்த்தாய், எப்போது பார்த்தாய், அதற்கு முன் என்ன செய்தாய். மேனேஜர் வந்து கத்தினாலும் அதே குரலில் அதே மூன்றைத்தான் அவரிடமும் கேட்பார். "எனக்கு என்ன தோணுதுன்னா…" என்று யாராவது ஆரம்பித்தால் கையை உயர்த்தி நிறுத்திவிடுவார். "தோணுறது அப்பறம் சார். மொதல்ல பாத்தது." ஒரு நீளமான நோட்டு வாங்கி என்னிடம் கொடுத்து, ரூமில் நடப்பதை எல்லாம் எழுதச் சொன்னார். என் எழுத்தைக் காட்டிப் பின்வாங்கினேன். "அழகா எழுதச் சொல்லல. நடந்தத எழுதுங்க. நான் படிச்சுக்குவேன்" என்றார். எழுதாமல் எதையும் ரீஸ்டார்ட் செய்யக் கூடாது, அவரும் செய்ய மாட்டார் என்பது அந்த ரூமின் சட்டம் ஆயிற்று.

பிறகு புதுப் பெட்டி வந்தது. அதுவரை மூன்று சர்வர் மூன்று பெட்டியாக இருந்தன. இனி ஒரே பெட்டிக்குள் மூன்றும் ஓடும் என்றார்கள். எனக்குப் புரியவில்லை. மேடம் சொன்னார்: "ஒரே வூட்டுல மூணு குடித்தனம் இருக்காங்கன்னு வச்சுக்குங்க. ஒரு குடித்தனம் லாரி எடை போடுது. ஒண்ணு வருகைப் பதிவு. ஒண்ணு ஸ்டோர். ஒருத்தர் உள்ள இன்னொருத்தர் போக முடியாது. ஆனா கரண்டு, காத்து, கதவு எல்லாம் ஒரே வூட்டோடது. அவங்கவங்களுக்குத் தாம் மட்டும் தனி வூட்டுல இருக்கிறதா நெனப்பு." அதைத்தான் நீங்கள் விர்ச்சுவல் மெஷின் என்கிறீர்கள்.

எடை போடுகிற குடித்தனத்துக்கு மென்பொருள் ஏற்ற வந்தவர்கள், தங்கள் சி.டி.யை அந்தப் பெட்டியின் டிரைவிலேயே விட்டுப் போனார்கள். "உள்ளயே இருக்கட்டும், எடுக்காதீங்க" என்றார்கள். அது பாட்டுக்கு இரண்டு வருடம் உள்ளே கிடந்தது.

அதன் பிறகு வந்த ஆயுத பூஜைக்கு மற்ற செக்ஷன்காரர்கள் ஸ்பேனர், வெல்டிங் கோல், தராசுக் கல் என்று கொண்டுவந்து படத்துக்கு முன்னால் பரப்பினார்கள். நாங்கள் ஒவ்வொரு வருடமும் ஒரு கீபோர்டை வைப்போம். எடைமேடையில் சீட்டுப் போடுகிற அந்தோணி, "என்ன ராசு, ஒங்க செக்ஷன்ல ஆயுதமே இல்லையா? பொத்தான் பலகையத்தான் வருசா வருசம் தூக்கிட்டு வர்ற" என்று எல்லார் முன்னாலும் கேட்டான். எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. நேரே ரூமுக்குப் போனேன். டிரைவின் பொத்தானை அமுக்கினேன். டிரே வெளியே வந்தது. லாரியையே எடை போடுகிற ஆயுதம் இதுதானே என்று சி.டி.யை எடுத்து வந்து பூஜையில் வைத்தேன். சந்தனம் குழைத்து, நடுவில் குங்குமம் வைத்து, நானே பொட்டு இட்டேன்.

எந்தப் பக்கம் இட்டேன் என்பதுதான் விஷயம். ஒரு பக்கம் அச்சடித்த எழுத்து. மறுபக்கம் கண்ணாடி போலப் பளபளப்பு. டப்பாவுக்குப் பின்னால்தானே சீட்டு ஒட்டுவார்கள். எழுத்து இருப்பது முதுகு, பளபளப்பாக இருப்பது முகம் என்று எடுத்துக்கொண்டேன். முகத்துக்குத்தானே பொட்டு வைப்பார்கள்.

விஜயதசமி அன்று மதியம் சி.டி.யை டிரேயில் திரும்ப வைத்துத் தள்ளினேன். எழுத்து மேலே, பொட்டு கீழே. சாமிக்கு வைத்த பொட்டைத் துடைக்க எனக்கு மனம் வரவில்லை. இதை நோட்டில் எழுதவில்லை. பூஜையை யாராவது நோட்டில் எழுதுவார்களா?

மறுநாள் பதினொன்று ஐந்துக்கு எடைமேடை சர்வர் நின்றது.

நின்றது என்றால் அணையவில்லை. திரையில் எல்லாம் அப்படியே இருக்கிறது. மவுஸ் அம்பு நகரவில்லை. கடிகாரத்தில் பதினொன்று ஐந்து என்றே உறைந்து நிற்கிறது. பெட்டியின் விளக்குகள் ஒழுங்காக மினுக்குகின்றன. மற்ற இரண்டு குடித்தனமும் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகின்றன. மேடம் எழுதிவிட்டு, அந்த ஒன்றை மட்டும் அணைத்துத் திரும்ப எழுப்பினார். ஓடியது. மறுநாள் அதே பதினொன்று ஐந்துக்கு மறுபடி நின்றது.

பதினோரு மணிக்கு வைரஸ் தேடுகிற வேலை ஒன்று தானாகத் தொடங்கும். மேடம் அதை நிறுத்திப் பார்த்தார். அன்று பதினொன்று ஐந்து தாண்டியது. எல்லாரும் மூச்சு விட்டோம். சர்வர் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க மேடம் அதற்குள் போய்த் திரையில் ஒரு ஜன்னலைத் திறந்தார். நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அதுவே வழக்கமாயிற்று. யாரும் தொடாதவரை ஓடும். என்ன கோளாறு என்று பார்க்க உள்ளே போனால் உறையும். மெமரியைக் கூட்டினார்கள். நெட்வொர்க் ஒயரை மாற்றினார்கள். மாற்றியபின் சரிபார்க்க உள்ளே போவார்கள். நிற்கும். "நின்னதுக்கு அப்பறம் அதுக்கு எழுதக் கை இருக்காதுண்ணே, அதான் அதோட பதிவேட்டுலயும் ஒண்ணும் இல்ல" என்றார் மேடம்.

ஒவ்வொரு முறை நின்றபோதும் எடைமேடையில் லாரிகள் சேர்ந்தன. வரிசை ஆலை வாசலைத் தாண்டிக் கீழப்பழுவூர் ரோடு வரை போனது. டிரைவர்கள் அந்தோணியின் கூண்டைச் சுற்றி நின்று கேலி பேசினார்கள்.

"என்னய்யா, ஒங்க கம்ப்யூட்டருக்கு மதியத் தூக்கமா?"

"எழுப்பாதீங்கண்ணே, பாவம், வயசான மாமியாரு மாதிரி."

அந்தோணி மாதா கோயிலுக்கு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டான். கூண்டு வாசலில் வேறு யாரோ எலுமிச்சம்பழம் கட்டினார்கள். எதற்கும் அது அசையவில்லை.

வெள்ளிக்கிழமை மேனேஜர் ரூமுக்கே வந்துவிட்டார். செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்தது அன்று ஒருநாள்தான். "கலைச்செல்வி, திங்கக்கிழம வரைக்கும் பாப்பேன். மெட்ராஸ்லேர்ந்து ஆள் வர்றாரு. அவராலயும் முடியலன்னா இந்த ரூம மூடிட்டு மெஷின ஹெட் ஆபீசுக்கே அனுப்பிடுவேன். நீங்க வேற எடம் பாத்துக்குங்க. ராசு மறுபடி மூட்டை கட்டுற எடத்துக்குப் போவட்டும்."

"சரிங்க சார். கடைசியா நின்னது மூணு பத்துக்கு. அதையும் எழுதி வச்சிருக்கோம்" என்றார் மேடம். குரல் மாறவில்லை. மேனேஜர் போனபின் தண்ணீர் பாட்டிலைத் திறக்க இரண்டு முறை முயன்றார். நான் வாங்கித் திறந்து கொடுத்தேன்.

சனிக்கிழமை காலை எட்டரைக்கு வழக்கம்போலத் துடைத்தேன். பெட்டியின் முன்பக்கம், டிரைவின் மெல்லிய வாய் இருக்கிற இடத்தில் துணியை இழுத்தபோது, துணியில் சிவப்பாக ஒரு கோடு விழுந்தது.

அந்த ரூமில் சிவப்புத் தூசியை நான் பார்த்ததே இல்லை. விரலில் தொட்டு முகர்ந்தேன். குங்குமம். கொஞ்சம் சந்தன வாசனையும் இருந்தது. ஒரு வாரமாக ஒவ்வொரு முறை நிற்பதற்கு முன்பும் ஒரு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தேன். முதலில் 'சர்ர்' என்று சுழலும், பிறகு 'டக், டக்' என்று எதையோ தேடித் தேடித் திணறும். நோட்டில் அதை எழுதியும் இருந்தேன். எந்தப் பொருளின் சத்தம் என்று மட்டும் தெரியாமல் இருந்தது. இப்போது தெரிந்துவிட்டது.

உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பயம். ஒரு வாரமாக இத்தனை லாரியை நிறுத்தி வைத்தவன் நான்தான் என்று எந்த வாயால் சொல்வது? ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சோறு இறங்கவில்லை. என் மனைவி கேட்டுக் கேட்டு வாயைப் பிடுங்கினாள்.

"சாமிக்கு வச்ச பொட்டு என்னங்க செய்யும்? பேசாம இருங்க. நீங்களா போயி தலையக் குடுக்காதீங்க."

"மேடம் வேலை போயிடும்போல."

"எந்த மேடம்? நம்ம புள்ளைக்கு காலேஜுக்கு மனு எழுதிக் குடுத்துச்சே, அந்தப் புள்ளையா?"

"ஆமா."

முருங்கைக்கீரையை உருவி முடித்து முறத்தைத் தள்ளி வைத்தாள். பிறகு, "அப்பன்னா நாளைக்கு மொத வேலையா சொல்லித் தொலைங்க" என்றாள்.

திங்கட்கிழமை முதல் வேலையாகச் சொல்ல முடியவில்லை. நான் போவதற்குள் ரூம் நிறைந்திருந்தது. மேனேஜர், அந்தோணி, மேடம், சென்னையிலிருந்து வந்த பரத் என்ற இன்ஜினியர். நல்ல பையன்தான். ஆனால் பேச்சு வேகம். "பதினஞ்சு நிமிஷம் குடுங்க சார், முடிச்சிடுறேன்" என்று சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எடைமேடை சர்வருக்குள் போனார். எல்லா டிரைவும் தெரிகிற ஜன்னலைத் திறந்தார். நான் திரையைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்தேன். டிரைவின் சின்னப் பச்சை விளக்கு எரிந்தது. சர்ர். டக், டக். திரை உறைந்தது.

"ஆரம்பிச்சிட்டான்யா" என்றான் அந்தோணி.

அத்தனை பேர் முன்னால் வாயால் சொல்ல எனக்குக் கூச்சம். நோட்டை எடுத்தேன். ஜன்னலோரம் திரும்பி நின்று எழுதினேன். இன்றும் அந்தப் பக்கம் என்னிடம் இருக்கிறது. இப்படித்தான் எழுதியிருக்கிறேன்: "நான் பாத்தது. டிரைவு வாயில் குங்குமம். சனிக்கிழம 8.40. இப்ப நிக்கும் முன்ன அந்த வெளக்கு எரிந்தது. அதுக்கு முன்னாடி நான் செஞ்சது. பூசை அன்னைக்கு சிடிக்கு பளபளப்பு பக்கம் பொட்டு வச்சேன். விஜயதசமி மதியம் உள்ள போட்டேன்." அதை மேடத்திடம் நீட்டினேன்.

அவர் படித்தார். இன்னொரு முறை படித்தார். என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. கணக்கில் விடுபட்ட ஒரு எண் கிடைத்தவர் மாதிரி பார்த்தார்.

"பரத், கொஞ்சம் எழுந்திரிங்க."

நோட்டை வாங்கிப் பார்த்த பரத் சிரித்துவிட்டார். "மேடம், பொட்டு வச்சா சர்வர் நிக்குமா? சி.டி. படிக்கலைன்னா எரர் காட்டும். மொத்தமா உறையாது."

"தோணுறது அப்பறம். பாத்துடுவோம்" என்றார் மேடம். டிரேயைத் திறக்கக் கை நீட்டிய என்னையும் தடுத்தார். "இப்ப எடுத்துட்டா, எடுத்ததாலதான் சரியாச்சான்னு தெரியாதுண்ணே. ஒரு நேரத்துல ஒண்ணே ஒண்ணுதான் மாத்தணும்."

இனி அவர் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். படிக்கிறவர்களுக்கு வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன்.

அணைத்து எழுப்பினார். ஓடியது. பரத்தையே அந்த ஜன்னலைத் திறக்கச் சொன்னார். நின்றது. எழுதினேன். மறுபடி எழுப்பினார். மறுபடி திறக்கச் சொன்னார். நின்றது. எழுதினேன். "இப்ப நெனச்ச நேரத்துக்கு நிறுத்த நமக்குத் தெரியுது. அதுவே பாதி" என்றார்.

மூன்றாவது முறை எழுப்பியபின் குடித்தனத்துக்குள் போகவில்லை. வீட்டுக்காரரின் பக்கம், அதாவது மூன்று சர்வரையும் நடத்துகிற திரைக்குப் போனார். அங்கே, நிஜ சி.டி. டிரைவ் எடைமேடை சர்வரோடு இணைந்திருப்பதாக ஒரு சின்னக் கட்டத்தில் டிக் இருந்தது. மற்ற இரண்டுக்கும் இல்லை. அந்த டிக்கை மட்டும் எடுத்தார். சி.டி.யைத் தொடவில்லை.

"இப்பத் தெறங்க."

பரத் திறந்தார். ஜன்னல் விரிந்தது. அம்பு நகர்ந்தது. கடிகாரம் ஓடியது. மூடித் திறக்கச் சொன்னார். பத்து முறை. பத்து முறையும் நான் கோடு போட்டேன். வைரஸ் தேடுகிற வேலையையும் ஓட விட்டார். ஒன்றும் ஆகவில்லை. மேனேஜர் முகம் தளர்ந்து, "அப்ப முடிஞ்சுதா?" என்றார்.

"இன்னும் இல்ல சார்" என்று சொல்லி, டிக்கைத் திரும்ப வைத்தார். திறந்தார். சர்ர். டக், டக். நின்றது.

அதன் பிறகுதான் எழுந்து, "இப்ப எடுங்கண்ணே" என்றார்.

பொத்தானை அமுக்கினேன். டிரே கொஞ்சம் திணறி வெளியே வந்தது. சி.டி.யைத் திருப்பினேன். என் பொட்டு உடைந்து, சுழன்ற வேகத்தில் சந்தனமும் குங்குமமும் வட்ட வட்டமாகத் தீட்டிக் கிடந்தன. கோலம் போட்டதுபோல இருந்தது.

பரத் குனிந்து சி.டி.யைப் பார்த்தார். என்னிடம் வந்தார். "அண்ணே, நான் சொன்னது தப்பு. டிரைவ் இத படிக்க முடியாம திரும்பத் திரும்ப முயற்சி பண்ணிக்கிட்டே இருந்திருக்கு. இது பதில் சொல்ற வரைக்கும் சர்வர் மொத்தமும் காத்துக்கிட்டு நின்னுருக்கு. அந்த நோட்ட நான் ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" தலையாட்டினேன்.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். "யாருய்யா பொட்டு வச்சது?"

நான் வாயைத் திறப்பதற்குள் மேடம் சொன்னார்: "எங்க செக்ஷன் வச்சது சார். பொட்டு வெளிய தெரிஞ்ச தப்பு. வேல முடிஞ்ச டிரைவ ரெண்டு வருஷமா சர்வரோட இணைச்சே வச்சிருந்தேன் பாருங்க, அது என் தப்பு. ரெண்டையும் நோட்டுல எழுதிடுறோம். கண்டுபிடிச்சது ராசு அண்ணன். அதையும் எழுதிடுறோம்." சொன்னபடி என் வரிகளுக்குக் கீழே தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மேனேஜர் அந்த சி.டி.யை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "ரூமும் இருக்கட்டும், ஆளும் இருக்கட்டும். அடுத்த வருஷம் பொட்டு வைக்கிறதுன்னா எனக்கு வைங்கய்யா, நான் நின்னா ஒண்ணும் குடி முழுகிடாது."

அந்தோணி எடைமேடைக்கு ஓடினான். ரூம் ஜன்னலைத் திறந்து பார்த்தேன். முதல் லாரி மேடையில் ஏறி, சீட்டு வாங்கி இறங்கியது. அடுத்தது ஏறியது. வரிசை நகர்ந்தது. போகிற டிரைவர் ஒவ்வொருவரும் ஹாரன் அடித்தார்கள். அந்தோணி கூண்டிலிருந்து தலையை நீட்டி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "ராசு! ஒங்க செக்ஷன்லதான்யா ஆயுதம் இருக்கு!" என்று கத்தினான். எனக்கு எங்கே ஒளிவது என்று தெரியவில்லை. ஆனாலும் ஜன்னலை மூடவில்லை. கடைசி லாரி போகிறவரை நின்றே பார்த்தேன்.

மேடத்தின் வேலைக்கு அதன்பிறகு ஆபத்து வரவில்லை. அங்கே ஏழு வருடம் இருந்து, அவர் விரும்பியபோது, மகள் படிப்புக்காகத் திருச்சி போனார். அந்த நோட்டு ஆறு நோட்டானது. எல்லாம் என் சாய்ந்த எழுத்துதான். சென்ற வருடம் விருப்ப ஓய்வு வாங்கி வந்தபோது முதல் நோட்டை என்னோடு வைத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

நேற்று எங்கள் வீட்டில் ஆயுத பூஜை. மண்வெட்டி, அரிவாள்மனை, பையனின் லேப்டாப் இவற்றோடு அந்த நோட்டையும் படத்துக்கு முன்னால் வைத்தேன். பொட்டு வைக்கப் போன என் மனைவி கையை நிறுத்தி, "எந்தப் பக்கங்க?" என்று கேட்டாள். "அட்டையில வை" என்றேன். இன்று காலை நோட்டை எடுத்து, பழைய பக்கத்தை ஒருமுறை படித்துவிட்டு, தனியாக வெள்ளைத் தாள்களில் இதை எழுதி முடித்தேன்.

விஜயதசமி, வியாழக்கிழமை, 2025 அக்டோபர் 2.